வீட்டுக் கணினிக்கு விலாசம் இல்லை

(‘வலைக்குள் ஊர்கள்’ தொடர்)

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஏதாவது ஒரு பட்டுக் கடையின் பின்கட்டுக்குப் போனால் இந்த வாக்கியம் காதில் விழ வாய்ப்பு உண்டு: “சார், எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க.” பில் போடும் டேலி மக்கர் செய்திருக்கும். சரிசெய்கிற ஆள் சென்னையிலோ வேலூரிலோ இருப்பார். கடைக்காரர் திரையில் தெரியும் எண்ணைப் போனில் படிப்பார். “ஓகே குடுங்க சார்” என்று மறுமுனையில் குரல் வரும். ஒரு க்ளிக். அதன்பின் மவுஸ் அம்பு தானாக ஓடும். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

இது அடுத்தவர் நம் கம்ப்யூட்டருக்குள் வருவது. நாமே வெளியூரில் இருந்துகொண்டு நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போவது இதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். நம் பெட்டி, நம் வீடு, மாதாமாதம் நாம் பணம் கட்டும் இணைப்பு. யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் நடைமுறையில் ஆளைப் படுத்தி எடுப்பது இதுதான்.

காஞ்சிபுரத்தில் இந்தத் தேவை யாருக்கு வரும்? முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் டிசைன் போடுகிறவர்கள். புடவையின் கரையிலும் முந்தியிலும் ஓடும் மயிலும் யாளியும் அன்னபட்சியும் தறியில் தானாக முளைப்பதில்லை. முன்பு அடை (டிசைனைப் பதிந்த நூல் கட்டு) கட்டி நெய்தார்கள். பிறகு ஜக்கார்டு வந்தது. 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய அந்தப் பெட்டி, தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் வந்து படியும். துளை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். டிசைனின் ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. துளை எங்கே விழ வேண்டும் என்பதை டிசைனர் முன்பு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகத் தீட்டினார். இன்று அதே கட்டங்களைக் கம்ப்யூட்டர் திரையில் நிரப்புகிறார்.

ஒரு சின்னக் கணக்கு. 480 கொக்கி, 1,000 ஊடை கொண்ட டிசைன் என்று வைத்துக்கொண்டால் 4,80,000 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் விடை துளை உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். எட்டுக் கட்டத்துக்கு ஒரு பைட் வீதம் மொத்தம் 60,000 பைட். வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட இதைவிடக் கனம்.

அப்படியானால் கோப்பை அனுப்பிவிட்டுப் போகலாமே, எதற்கு வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும்? ஒரு டிசைனரை மனதில் நிறுத்திப் பார்ப்போம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரர், சென்னை தி.நகரில் ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறார். முதலாளிக்கு அன்னபட்சியின் வால் நீளமாகப் படுகிறது. “கொஞ்சம் குறைச்சுடுங்களேன், இப்பவே பார்த்துடலாம்” என்கிறார். கோப்பு டிசைனரின் போனிலேயே இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும் நெசவு மென்பொருள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அப்பெட்டியின் யூஎஸ்பி துளையில் உரிமத்துக்கான டாங்கிள் செருகியிருக்கும். அது இருக்கும் இடத்தில்தான் மென்பொருள் திறக்கும். போதாக்குறைக்கு, பல வருஷமாகப் போட்ட கரைகளும் புட்டாக்களும் அந்த ஹார்ட் டிஸ்கில்தான். தி.நகருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே 70 கிலோமீட்டர், ஶ்ரீபெரும்புதூர் நெரிசல் தனி.

தூரத்து இயந்திரத்தை வேலை வாங்குவது புதுசில்லை. 1940 செப்டம்பரில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கணிதவியலாளர்கள் கூடியிருந்தார்கள். பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் அங்கே ஒரு டெலிடைப்பை வைத்தார். அதில் தட்டிய கணக்கு கம்பி வழியே நியூயார்க்கில், பெல் ஆய்வகத்தில் இருந்த இயந்திரத்துக்குப் போய் விடையோடு திரும்பி வந்தது. பார்த்தவர்களில் நார்பர்ட் வீனரும் ஜான் மாக்லியும் இருந்தார்கள். மாக்லி பின்னாளில் எனியாக் கம்ப்யூட்டரை உருவாக்கிய இருவரில் ஒருவர்.

நம்மிடம் இணையமே இந்த உருவத்தில்தான் வந்து சேர்ந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது சென்னை இன்னும் மெட்ராஸ். ‘ஷெல்’ கணக்கு வாங்கியவர் மோடம் கிறீச்சிட டயல் செய்து வி.எஸ்.என்.எல்.லின் யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைவார். உண்மையில் இணையத்தில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர்தான். வீட்டில் தெரிந்ததெல்லாம் அது அனுப்பிய எழுத்துகள் மட்டுமே; படம் கிடையாது. அன்று வீட்டிலிருந்து வெளியே இருந்த பெட்டியை இயக்கினோம். இன்று வெளியிலிருந்து வீட்டுப் பெட்டியை இயக்கப் பார்க்கிறோம். திசை மாறியதும் விலாசச் சிக்கல் வந்துவிட்டது.

இணையத்தில் ஒரு கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க ஐ.பி. எண் வேண்டும். பழைய முறையான ஐபிவி4-ல் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். உலகப் பொதுக் கையிருப்பில் கடைசியாக மிஞ்சிய தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகுதான் இந்தியாவில் கைபேசி இணையம் பெருகியது; 2016-ல் ஜியோ வந்தது. ஆளுக்கொரு எண் கொடுக்க வழியில்லாத நிறுவனங்கள், ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்துவிட்டன. பழைய திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் போலத்தான். வாசலில் ஒரே கதவு எண், உள்ளே இருபது குடும்பம். உள்ளே இருப்பவர் வெளியே போய்வரத் தடையே இல்லை. வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் எந்த அறை என்று தெரியாது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ‘வான்’ (WAN) என்ற தலைப்பின்கீழ் ஓர் ஐ.பி. எண் இருக்கும். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டுத் தொடங்கினால், அந்த வீடு பகிர்ந்த எண்ணில் இருக்கிறது. இந்தக் காரியத்துக்கென்றே 2012-ல் ஒதுக்கிய எண்கள் அவை. அப்படிப்பட்ட வீட்டில் ரவுட்டரில் என்ன திருகினாலும் வெளியிலிருந்து நேரே உள்ளே வர முடியாது. யூடியூப் பார்த்து ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்து, இரவு முழுக்க உட்கார்ந்து, கடைசியில் ரவுட்டரைத் திட்டுகிறவர்களில் பலருக்கு இந்தச் சேதி தெரியாது. பாவம், ரவுட்டர் மேல் தப்பே இல்லை.

மாதக் கட்டணம் கூடுதலாகக் கொடுத்து நிலையான ஐ.பி. வாங்கலாம். வாங்கியவர்கள் பலர் அடுத்துச் செய்வதுதான் ஆபத்து: விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு உரிய 3389-ஆம் போர்ட்டை (நுழைவாயிலை) அப்படியே உலகத்துக்குத் திறந்துவிடுவார்கள். இணையம் முழுக்க இந்த எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே திரியும் நிரல்கள் ஏராளம். 2019 மே மாதம் ‘புளூகீப்’ என்ற ஓட்டை இதே வசதியில் வெளிப்பட்டது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையவிடும் ஓட்டை. ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

பகிர்ந்த எண்ணில் இருக்கும் வீட்டுக்கு வழி என்ன? வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. உள்ளிருந்து வெளியே போகலாம். இந்த ஒன்றை வைத்துத்தான் எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் பிழைக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் சர்வருக்குத் தானே போய்த் தன்னைப் பதிந்துகொள்கிறது. தி.நகரில் இருக்கும் லேப்டாப்பும் அங்கேயே போகிறது. நடுவில் இருக்கும் சர்வர் இரண்டையும் கோத்துவிடுகிறது. நேரடிப் பாதை அமைந்தால் சர்வர் ஒதுங்கிக்கொள்ளும்; அமையாவிட்டால் எல்லாத் தகவலும் அதன் வழியாகவே ஓடும். எனிடெஸ்க் எண் என்று கடைக்காரர் படித்தாரே, அது அந்த சர்வரிடம் உள்ள பதிவு எண். டீம்வியூவர் 2005-ல் கோப்பிங்கனிலும் எனிடெஸ்க் 2014-ல் ஸ்டுட்கார்ட்டிலும் தொடங்கியவை; இரண்டும் ஜெர்மனியின் ஒரே மாநிலத்து ஊர்கள். நம் சோஹோ நிறுவனமும் ‘சோஹோ அசிஸ்ட்’ என்ற பெயரில் இதே சேவையைத் தருகிறது. கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இலவசம்.

நடுவில் ஒருவர் இருந்தால் அவரை நம்ப வேண்டும். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்களின் இணையதளப் பாஸ்வேர்டுகளைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு ஜூனில் டீம்வியூவரின் அலுவலக வலையமைப்பிலும் ஊடுருவல். வாடிக்கையாளர் பக்கம் பாதிப்பில்லை என்றது நிறுவனம்.

ஆனால் நம் ஊரில் பணம் போவது பெரும்பாலும் இந்த வழியில் இல்லை. டேலி ஆள் கேட்கும் அதே வாக்கியத்தை வங்கி அதிகாரி போல நடிப்பவரும் கேட்கிறார். “கேஒய்சி முடிஞ்சுபோச்சு, இந்த ஆப்பை டவுன்லோட் பண்ணி வர்ற நம்பரைச் சொல்லுங்க.” சொன்ன மறுகணம் போன் திரை அவர் கையில்; ஓடிபி வந்து விழுவதையும் அவரே பார்ப்பார். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைக் குறிப்பிட்டு வங்கிகளை எச்சரித்தது. செயலியில் குற்றமில்லை. யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லிவிடும் பழக்கத்தை நாம்தான் வளர்த்துக்கொண்டோம். பணம் போய்விட்டால் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம்.

தன் பெட்டிக்குத் தானே போகிறவருக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது: தனக்கென்று ஒரு மறைவான வலையமைப்பு. டெயில்ஸ்கேல் போன்றவை இதைச் செய்கின்றன. அடியில் இருப்பது வயர்கார்டு; 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவிலேயே சேர்த்துக்கொண்ட, அளவில் சிறிய, கெட்டியான நிரல். வீட்டுக் கம்ப்யூட்டர், லேப்டாப், போன் மூன்றும் ஒரே அறையில் இருப்பதாக ஒன்றையொன்று நினைத்துக்கொள்ளும். உலகத்துக்கு எந்தப் போர்ட்டும் திறந்திருக்காது. இங்கேயும் அறிமுகம் செய்துவைக்க ஒரு நிறுவனம் நடுவில் உண்டுதான். ஆனால் பேச்சைத் திறக்கும் சாவி நம் சாதனங்களை விட்டு வெளியே போவதில்லை. ஒரே ஒரு சறுக்கல்: விண்டோஸ் ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து வருவோரை ஏற்கும் ரிமோட் டெஸ்க்டாப் கிடையாது, புரோ வேண்டும். இல்லையென்றால் விஎன்சி போடலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்றில் பிறந்த, இன்றும் நன்றாக ஓடும் பழைய சரக்கு.

விஎன்சியின் உத்தி எளிமையானது. திரையில் எந்தச் செவ்வகம் மாறியதோ அதை மட்டும் அனுப்பும். அன்னபட்சியின் வாலில் ஒரு கட்டத்தை அழித்தால் மிகச் சிறிய துண்டு போதும்; தாமதம் தெரியாது. டிசைனை இழுத்து நகர்த்தினால் திரை முழுதும் மாறும். அப்போதுதான் படம் திணறும். கட்டங்களில் வேலை செய்பவருக்கு இது பெரிய தொல்லை இல்லை.

தொல்லை நிறத்தில் வருகிறது. வேகத்துக்காக இச்செயலிகள் பல நேரம் நிற விவரத்தைத்தான் முதலில் குறைக்கின்றன. ஒளி வேறுபாட்டைக் கண் கூர்ந்து பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு பார்க்காது என்ற கணக்கு. சினிமா பார்க்க அது சரி. அரக்குக்கும் மெரூனுக்கும் நடுவே உயிரை விடும் ஊருக்குச் சரிவராது. அதனால் டிசைனின் வடிவத்தை எங்கிருந்தும் திருத்தலாம். நிறத்தை மட்டும் சாயம் போட்ட பட்டு நூலைக் கையில் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும் மின்வாரியம் இருக்கிறது. பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நிற்கும், பிற்பகல் வரும். வந்தாலும் கம்ப்யூட்டர் தானாக விழிக்காது. பயாஸ் அமைப்பில் ‘மின்சாரம் திரும்பியதும் இயங்கு’ என்ற பொருள்படும் ஒரு வரி இருக்கும். அதை முன்கூட்டியே மாற்றி வைத்திருக்க வேண்டும். தூங்கும் கம்ப்யூட்டரை எழுப்ப ‘மேஜிக் பாக்கெட்’ உண்டு. மொத்தம் 102 பைட்தான்: முதல் ஆறும் ஒரே மதிப்பு, பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அட்டை எண் பதினாறு முறை. ஆனால் அது வீட்டுக்குள்ளிருந்து கிளம்ப வேண்டும். ராஸ்பெர்ரி பை போல எப்போதும் விழித்திருக்கும் சின்னக் கருவி ஒன்றை இன்வெர்ட்டரில் மாட்டி வைத்தால் அதை வைத்து எழுப்பலாம். “ஊருக்குப் போறப்ப எல்லா சுவிட்சையும் அணைச்சிடணும்” என்று பழகிய வீட்டுப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் எந்த பாக்கெட்டாலும் ஆகாது.

அடுத்த வாரம்: அட்டையே இல்லாத எலக்ட்ரானிக் ஜக்கார்டு. பென் டிரைவில் வரும் டிசைன் கைத்தறிக்குள் போனால், ஒரு டிசைன் யாருக்குச் சொந்தம்?