முதல் அரிவாளும் முதல் மடக்குக் கத்தியும்: வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

புதிதாக நிலம் வாங்கியோ, தாத்தா விட்டுப்போன நிலத்துக்குத் திரும்பியோ இயற்கை விவசாயம் தொடங்கும் இளைஞர்கள் எங்க கம்பம் பள்ளத்தாக்கிலும் இருக்கிறார்கள். விதை, பஞ்சகவ்யா, மூடாக்கு, சொட்டுநீர் என்று எல்லாவற்றைப் பற்றியும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். அருவா, கத்தி பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. "காட்டில் உயிர் பிழைக்க உதவும் கத்தி" என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஆன்லைனில் ஒன்றை வரவழைத்துவிடுகிறார்கள். கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், பிடிக்குள்ளே திசைகாட்டி எல்லாம் இருக்கும். அதை வைத்து ஒரு தென்னை மட்டையை வெட்டச் சொன்னால், அரைமணி நேரத்தில் உள்ளங்கை கொப்புளித்துவிடும்.

நான் 30 வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி விவசாயக் கடன் பிரிவு. ஓய்வுக்குப் பிறகு உத்தமபாளையம் பக்கத்தில் வாழையும் தென்னையும் வைத்திருக்கிறேன். டிராக்டருக்கோ மோட்டாருக்கோ கடன் கேட்டு வருகிறவரிடம் நான் கேட்கும் கேள்விகள் மூன்று. இது என்ன வேலைக்கு? கெட்டுப்போனால் பக்கத்தில் யார் சரிசெய்வார்? எத்தனை வருஷம் உழைக்கும்? கத்தி வாங்கவும் இதே மூன்று கேள்வி போதும்.

இரண்டு கருவி, இரண்டு வேலை

தோட்டத்தில் ஒரு ஆளுக்கு முதலில் வேண்டியது மடங்காத கருவி ஒன்று, மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளும் கத்தி ஒன்று. நம்ம ஊரில் மடங்காத கருவி என்றால் வெட்டரிவாள்தான். வேலி முள் கழிக்க, தென்னை மட்டை துண்டு போட, வாழைத் தார் இறக்க, தார் வெட்டிய மரத்தைத் துண்டாக்கி மூடாக்காகப் போட, கிளைரிசிடியா, அகத்திக் கிளைகளை வெட்டித் தழையுரமாக்க, எல்லாவற்றுக்கும் அதே கருவி.

அரிவாள் என்று பெயர் இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. நெல் அறுக்கும் கருக்கரிவாளும், புல் அறுக்கும் பன்னரிவாளும் இழுத்து அறுக்க வேண்டியவை. தகடு மெல்லிசு. அவற்றால் கிளையை வெட்டினால் வாய் மடங்கிப்போகும். வெட்டரிவாள் வீசி வெட்ட வேண்டியது. முதுகு கனம், மூக்குப் பக்கம் எடை கூடுதல். இடது கைக்காரர்கள் கருக்கரிவாள் வாங்கும்போது முன்கூட்டியே சொல்லி வைக்கணும். அதன் பல் ஒரு பக்கமாகவே வெட்டப்பட்டிருக்கும். வலது கைக்குச் செய்தது இடது கைக்கு ஒத்துவராது.

திராட்சைக் கொடிக்கு இந்த இரண்டுமே வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம பன்னீர் திராட்சைக்குக் கவாத்துக் கத்தரிதான் சரி. கொடியை அருவாளால் வெட்டினால் தண்டு பிளந்துபோகும்.

இரும்பு எது?

இரும்பு கடினமாவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் கரி, அதாவது கார்பன். கட்டடத்துக்குப் போடும் சாதாரண மென் இரும்பில் இது கால் சதவீதம்கூட இருக்காது. அதில் கத்தி செய்தால் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். வளைந்தாலும் உடையாது, கூரும் நிற்கும். அதனால்தான் நம்ம பட்டறைகளில் பழைய லாரிப் பட்டைக்கு அவ்வளவு மதிப்பு. பழைய அரத்தில் 1 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். சின்னக் கத்திக்கு அது நல்ல இரும்பு. வீசி வெட்டும் அருவாளுக்கு ஆகாது, சில்லுப் பெயர்ந்துவிடும்.

எவர்சில்வர் கத்தியில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்திருக்கும். துரு லேசில் ஏறாது. ஆனால் கிராமத்துப் பட்டறையில் அதை மறுபடி காய்ச்சி அடிக்க முடியாது. மடக்குக் கத்திக்கு எவர்சில்வர் இருக்கலாம். அருவாளுக்குக் கரி இரும்புதான்.

தோய்ச்சல் சரியா?

நல்ல இரும்பு மட்டும் இருந்தால் போதாது. தோய்ச்சல் சரியாக விழணும். ஆசாரி அருவாளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுவார். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பில் காந்தம் ஒட்டாமல் போகும். அதையும் கொஞ்சம் தாண்டிய சூட்டில் வாய்ப் பக்கத்தை மட்டும் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார். வாய் கண்ணாடி மாதிரி கடினமாகும். முதுகு மெதுவாக ஆறுவதால் இளக்கமாகவே இருக்கும்.

அப்படியே விட்டால் முதல் வெட்டிலேயே வாய் உடையும். அதனால் முதுகில் மிச்சமிருக்கும் சூட்டை மெல்ல வாய்க்கு வரவிடுவார். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள் நிறம் வந்தால் சூடு 230 டிகிரிக்குப் பக்கம், நீலம் வந்தால் 300-க்குப் பக்கம். காய்கறிக் கத்திக்கு மஞ்சளில் நிறுத்தணும். அருவாளுக்கு ஊதா, நீலம் வரை விடலாம். பைரோமீட்டர் எதுவும் கிடையாது. கண்ணுதான் மீட்டர்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர் வந்ததற்குக் காரணம் இந்தக் கைப்பக்குவம். சினிமாக்காரர்கள் அதை வேறு காரணத்துக்காகப் பிரபலமாக்கிவிட்டார்கள். அது தனிக் கதை.

வாங்கும் இடத்தில் ஐந்து சோதனை

1. அருவாளைப் பிடியில் தொங்கவிட்டு, இன்னொரு இரும்பால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்கணும். சத்தம் அமுங்கினால் எங்கோ விரிசல், அல்லது பிடி லூஸ்.

2. பழைய அரம் ஒன்றை வாயில் லேசாக ஓட்டுங்கள். கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கினால் தோய்ச்சல் கூடிப்போச்சு. வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் தோய்ச்சலே இல்லை. அரம் சிரமப்பட்டுக் கடிக்கணும்.

3. முதுகை ஒரு கண்ணால் நேராகப் பாருங்கள். கோணல் இருந்தால் வெட்டு விலகும். விலகிய வெட்டு காலில்தான் விழும்.

4. பிடிக்குள் போகும் காம்பு கடைசி வரை போகிறதா, பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிடி உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால், வாய் எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரியும். நுனியில் சின்னக் குமிழ் இருந்தால் வியர்வையில் நழுவாது.

5. கையை நீட்டி அருவாளை ஒரு நிமிஷம் பிடியுங்கள். மணிக்கட்டு நடுங்கினால் அது உங்களுக்கான எடை இல்லை. முதல் அருவாளுக்கு வாய் ஒரு சாண் போதும். பெரிய அருவா அனுபவம் உள்ள கைக்கு.

மடக்குக் கத்தி

இது சட்டைப் பைக்கும் இடுப்புக்கும். சாக்கு பிரிக்க, சணல் அறுக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட, வாழை இலை நறுக்க, பதியனுக்குப் பட்டை சீவ, கன்று கழுத்துக் கயிற்றில் சிக்கித் திணறினால் அறுத்துவிட. இந்தக் கடைசி வேலை ஒன்றுக்காகவே எப்பவும் இடுப்பில் இருக்கணும். கன்று திணறும்போது வீட்டுக்கு ஓடிக் கத்தி எடுத்து வர நேரம் இருக்காது.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான். தகடு 3 அங்குலம் போதும். விரித்த பிறகு பூட்டிக்கொள்ளும் அமைப்பு கட்டாயம் வேணும். பூட்டு இல்லாத கத்தி அழுத்தும்போது மடங்கி விரலை வெட்டும். விரித்துப் பூட்டி, முதுகுப் பக்கத்தை ஒரு கட்டையில் அழுத்திப் பாருங்கள். அசைவு இருந்தால் வேண்டாம். ரம்பப் பல் வைத்த வாயை வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது. நேரான வாயே போதும். பொத்தானை அமுக்கினால் தானே பாய்ந்து விரியும் கத்தி தோட்டத்துக்குத் தேவையே இல்லை.

உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஓப்பினல் மடக்குக் கத்தி, பிரான்ஸ் நாட்டு மலைக் கிராமத்துக் கொல்லர் குடும்பத்தில் 1890-இல் பிறந்தது. மரப் பிடி, கரி இரும்புத் தகடு. விரித்த தகட்டைத் திருகிப் பூட்டும் வளையம் 1955-இல்தான் சேர்ந்தது. இன்றைக்கும் அங்கே விவசாயி பையில் அது இருக்கும். மலையேறுகிறவர்கள் ஆசைப்படும் கத்தி, ஆதியில் குடியானவர் கத்திதான். அந்தக் கணக்கில் நம்ம பட்டறை அருவாளும் எதற்கும் குறைந்ததில்லை.

தீட்டுவதும் காப்பதும்

கிரைண்டர் கல்லில் தண்ணீர் தொடாமல் வைத்து அழுத்தினால் வாய் நீலம் பாயும். தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் ஆசாரியிடம்தான் போகணும். அருவாளுக்கு அரம் போட்டு, பிறகு கல்லில் இழுத்தால் போதும். மடக்குக் கத்திக்கு நனைத்த கல். கத்தியைக் கல்லில் செங்குத்தாக நிறுத்தினால் 90 டிகிரி. பாதி சாய்த்தால் 45. அதிலும் பாதி சாய்த்தால் 22 டிகிரி. கத்திக்கு அந்தச் சாய்வு, அருவாளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிமிர்த்தணும்.

வாழைச் சாறும் எலுமிச்சைச் சாறும் பட்டால் கரி இரும்பு கறுக்கும். வாழையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. கெடுதல் இல்லை. தேய்த்து எடுக்க வேண்டாம். செந்துருவை மட்டும் விடக் கூடாது. சாயங்காலம் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி மாட்டுங்கள்.

நோய் பரவுவதையும் நினைவில் வையுங்கள். வாழை முடிக்கொத்து நோய் அசுவினியாலும் நோயுள்ள கன்றாலும் பரவும். கத்தியால் பரவாது. ஆனால் பாக்டீரியாவால் வரும் வாடலும் அழுகலும் வெட்டும் கருவியில் ஒட்டி அடுத்த மரத்துக்குப் போகும். சந்தேகமான மரத்தை வெட்டினால் கருவியைக் கழுவிவிட்டுக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுங்கள். 100 டிகிரி தண்ணீர் தோய்ச்சலை ஒன்றும் செய்யாது. நேரடித் தீயில் காட்டினால் செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என வடிவமைத்த பொருளை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படி இல்லாத கத்தியின் தகடு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால், 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் வந்துவிடும். போர்க்கத்தி சாயலில் ஆன்லைனில் விற்பதை வாங்கி, "விவசாயத்துக்குத்தான் சார்" என்று சோதனைச் சாவடியில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

2021-இல் தமிழ்நாடு காவல்துறை, வாங்குகிறவர் பெயர், முகவரியைக் குறித்து வைக்கும்படி அருவாப் பட்டறைகளுக்குச் சொன்னது. ஆசாரி விவரம் கேட்டால் கோபப்படாமல் கொடுங்கள். அவர் பிழைப்பு அதில் இருக்கிறது. வண்டியில் கொண்டுபோகும்போது சாக்கில் சுற்றி, மண்வெட்டி, கூடையோடு சேர்த்து வையுங்கள். சீட்டுக்கு அடியில் செருகி வைத்தால் பார்க்கிறவருக்கு வேறு அர்த்தம்தான் தோன்றும்.

மேகமலை அடிவாரத்தில் நிலம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்குள் கத்தியும் அடக்கம். எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் போவது குற்றம். மாடு காட்டுக்குள் போய்விட்டது என்று அருவாளோடு பின்னால் போகாதீர்கள். வனத்துறையிடம் சொல்லுங்கள்.

ஆபத்து நேரத்தில் கத்தி

பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறி ரத்தத்தை வெளியேற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. செய்யவே கூடாது. விஷம் வெளியே வராது. ரத்தம் உறையாமல் செய்கிற விரியன் கடியில், கீறிய காயமே ஆளைக் கொல்லலாம். அந்த நேரத்தில் கத்திக்கு ஒரே வேலை, கடிபட்ட கையிலோ காலிலோ இறுகிக்கிடக்கும் கயிற்றையும் துணியையும் அறுப்பது. வீக்கம் ஏறும் முன் செய்யணும். மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். அப்புறம் அந்தக் கையைக் காலை அசைக்காமல், பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான்.

அருவா பட்டு வெட்டுக் காயம் ஆனால், சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், மண் எதுவும் வைக்காதீர்கள். ஆழமான காயத்துக்கும் தசைவிறைப்புத் தடுப்பூசிக்கும் மருத்துவமனை போகணும்.

யாரிடம் வாங்குவது?

உங்க ஊருக்குப் பக்கத்தில் உலை எரியும் பட்டறை இருந்தால் அங்கேயே சொல்லிச் செய்யுங்கள். உங்க உயரம், எந்தக் கை, என்ன பயிர் என்று சொன்னால் ஆசாரி அதற்கேற்ப அடித்துத் தருவார். வாய் தேய்ந்தால் மறுபடி தோய்த்துத் தருவார். பிடி போனால் புளிய மரத்திலோ கருவேல மரத்திலோ புதுப் பிடி போடுவார். என் இரண்டாவது, மூன்றாவது கேள்விக்குப் பதில் இதுதான்.

வெளி விதையும் வெளி உரமும் வேண்டாம் என்று பேசுகிறோம். கருவி விஷயத்திலும் அதே கணக்கு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும்போது மட்டும் பட்டறையை நினைத்தால், உலை அணைந்துபோகும். அப்புறம் அருவாளும் கூரியரில்தான் வரும். இந்தச் சாகுபடிக்கு உங்க பழைய அருவாளைத் தீட்டவாவது ஒரு முறை பட்டறைக்குப் போய் வாருங்கள். போகும்போது வீட்டில் கிடக்கும் பழைய லாரிப் பட்டையையும் எடுத்துப்போங்கள். அடுத்த அருவாளை அதிலேயே அடித்துக்கொள்ளலாம்.