கனக்கும் வாளியும் உலர் ரப்பர்க் கணக்கும்

பேராக் மாநிலத்திற்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழமையானது. 1877ஆம் ஆண்டில் ஹியூ லோ கோலகங்சாரில் கன்றுகளை நட்ட காலந்தொட்டு, தோட்டங்களுக்கு வந்த புதுமைகள் பல. அவற்றுள் பால்வெட்டுத் தொழிலாளரின் அன்றாட வேலையைப் பெரிதும் மாற்றியது எத்திபோன் என்னும் மருந்து எனலாம்.

1960களின் பிற்பகுதியில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதனை ஆராய்ந்தது. வெட்டுப்பட்டையில் பூசப்படும் இம்மருந்து, உள்ளே சென்று எத்திலின் வாயுவைத் தருகிறது. பால்குழாய்களின் வாய் விரைவில் அடைபடாததால் பால் நெடுநேரம் வடிகிறது. அவ்வாயுவையே நேரடியாகச் செலுத்தும் ரிம்புளோ போன்ற முறைகளும் பின்னர் வந்தன. அளவு மீறினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும் என்பதால், மருந்திடும் மரங்களை மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறையே வெட்டுவது வழக்கமாயிற்று.

இதனால் ஓய்வு கிடைத்தது மரத்திற்கே. வெட்டுபவர் நாளுக்கொரு பகுதியாக மாறிமாறி வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஒருவர் பார்க்கும் மரங்களின் எண்ணிக்கை கூடிற்று. தூக்கும் பாலின் எடையும் கூடிற்று.

மனக்குறை பிறக்கும் இடம் பால் நிறுக்கும் கொட்டகையாகும். மருந்திட்ட மரத்தின் பாலில் நீர்ப்பகுதி மிகுந்து ரப்பர்ப் பகுதி குறைவது இயல்பு. ஓர் உதாரணம் காண்போம். முன்பு 20 கிலோ பாலில் நூற்றுக்கு 35 பங்கு ரப்பர் இருந்தால், உலர் ரப்பர் 7 கிலோ. இப்போது 24 கிலோ பால் கிடைத்து, ரப்பர் நூற்றுக்கு 30 பங்காகக் குறைந்தால் 7.2 கிலோ. தோளில் ஏறியது நான்கு கிலோ. கணக்கில் ஏறியது 200 கிராம். விளக்கம் பெறாத தொழிலாளி, தம் நிறையைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்றே எண்ணுவார். அவ்வாறு எண்ணுபவரிடம் ஊக்கத்தை எதிர்பார்ப்பது எங்ஙனம்? ஈப்போ தொழிற்சாலைகளில் இயந்திரம் எண்ணிச் சொல்லும் கணக்கை நம்ப மறுக்கும் இளைஞரின் நிலையும் இதுவே.

உலர் ரப்பர்க் கணக்கில் சூழ்ச்சி ஏதுமில்லை. பாலில் நீர் கலப்பதைக் கண்டுபிடிக்கவும் அது உதவுகிறது என்பதை நாம் மறைப்பானேன்! பாலில் மிதக்கும் மெட்ரோலாக் என்னும் அளவுகோல் ரப்பரின் பங்கைக் காட்டும். ரப்பர் மிகுந்த பால் இலேசானது. ஆகவே கருவி அதில் ஆழமாக அமிழும். ஐயம் எழுந்தால் சிறிதளவு பாலை உறையவைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

புதிய மருந்து வருமுன் பெரட்டுக்களத்தில் கேட்க வேண்டியவை உள. எத்தனை மரங்கள், எத்தனை நாள் இடைவெளி, கிலோவுக்கு என்ன கூலி, பால் சேர்க்கும் நேரம் நீண்டால் அதற்கு என்ன ஏற்பாடு என்பனவே அவை. 2024ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பள ஆணை, வெட்டும் அளவுக்கேற்பக் கூலி பெறுவோருக்கும் பொருந்தும். அதன்படி நிர்ணயிக்கப்பட்ட 1,700 ரிங்கிட் மாதச் சம்பளம் 2025 ஆகஸ்டு முதல் நாள் தொட்டு எல்லா முதலாளிகளையும் கட்டுப்படுத்துவதாயிற்று.

மெட்ரோலாக் கருவியைப் படிப்பது கடினமன்று. கிராணியார் அதைப் பாலில் இடும்போது அருகில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். உங்கள் வாளிக்கு எழுதப்படும் எண்ணை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.