ஏழு பேருடைய இரண்டு கிழமை

மாத்தளை திருகோணமலை வீதியில் கடை வைத்திருந்த பழைய முதலாளிமார் இரண்டு இடத்துக் கடிதங்களுக்குப் பயந்தார்கள். ஒன்று வருமான வரிக் கந்தோர், மற்றது பிஸ்கால் கந்தோர். வரிக் கடிதத்தையாவது கணக்கப்பிள்ளை தலையில் கட்டிவிடலாம். பிஸ்கால் அனுப்பும் ஜூரி அழைப்பாணைக்கு முதலாளியேதான் போகவேண்டும். இன்ன திகதி, இன்ன நேரம், கண்டியில் உச்ச நீதிமன்ற அமர்வுக்கு வந்து நிற்கவும். வராவிட்டால் தண்டம்.

"மொதலாளி, இந்தத் தடவையும் பேரு வந்திருச்சா?"

"வந்திருச்சுப்பா. தீவாளி யாவாரம் தொடங்குற நேரம் பார்த்துத்தான் அனுப்புவாங்க."

இந்த மாதிரிப் பேச்சு அந்த வீதியில் நடந்துகொண்டே இருந்திருக்கும். அப்போதெல்லாம் மாத்தளையில் பெரிய குற்ற வழக்கு விசாரிக்கும் நீதிமன்றம் கிடையாது. கொலை, கொள்ளை என்றால் மாத்தளை நீதவான் முன் ஆரம்ப விசாரணை நடக்கும். பிறகு வழக்கு கண்டிக்குப் போகும். கொழும்பிலிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் சுற்றில் வந்து தலதா மாளிகைக்கு அருகே இருந்த நீதிமன்றத்தில் அமர்வார். அதற்குப் பேர் 'அசைஸ்'. மாத்தளைக்கு 1880லேயே ரயில் வந்துவிட்டது. கண்டி பதினாறு மைல்தான். ஒரு நாள் போய்வருவது பெரிய பாடல்ல. ஒரு வழக்கு பத்து நாள் இழுத்தால் பத்து நாளும் போய்வர வேண்டும், அல்லது கண்டியில் அறை எடுத்துத் தங்கவேண்டும். கடைச் சாவி யார் கையில் இருப்பது என்ற கவலை அவ்வளவு நாளும் கூடவே ரயிலேறும்.

யாருக்கு இந்த அழைப்பு வந்தது என்பதை அரசாங்க வர்த்தமானியின் பழைய இதழ்களில் பார்க்கலாம். மாகாணம் மாகாணமாக ஜூரர் பட்டியல் அச்சாகும். ஆங்கிலம் பேசும் ஜூரர், சிங்களம் பேசும் ஜூரர், தமிழ் பேசும் ஜூரர் என்று மூன்று நிரை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தொழிலும் ஊரும் இருக்கும். மத்திய மாகாணத்தின் ஆங்கில நிரையில் தோட்டத்துரைமார் நிறையப் பேர். மற்ற நிரைகளில் நிலபுலன் உள்ளவர்கள், உத்தியோகத்தர், வியாபாரிகள். சட்டம் கேட்டது மொழியறிவோடு குறிப்பிட்ட அளவு வருமானம் அல்லது சொத்து. ஊரில் ஓரளவு வசதியான ஆள் என்பதற்கு அரசாங்கமே தரும் சான்று அது. பட்டியலில் பேர் இருப்பதை வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, அழைப்பு வந்ததும் மருத்துவச் சான்றிதழ் தேடுவது மனித இயல்பு. அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அழைப்பை மதித்துப் போனவருக்கும் அங்கே உடனே வேலை இல்லை. தேவைக்கு மேலாகவே ஆட்களை அழைத்திருப்பார்கள். காலையில் பேர் கூப்பிடுவார்கள். எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டால், அல்லது வழக்கு தள்ளிப்போனால், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். வழக்கு தொடங்கினால் பெட்டியிலிருந்து சீட்டு எடுப்பார்கள். ஏழு பேர் வேண்டும். பேர் வந்தவர் எழுந்து போகும்போதே, காரணம் சொல்லாமல் அவரை வேண்டாம் என்று மறுக்க இரு தரப்புக்கும் உரிமை உண்டு. கடையைப் பூட்டிவிட்டு வந்து, நாள் முழுதும் காத்திருந்து, ஒரு வழக்கறிஞர் முகத்தைப் பார்த்தே வேண்டாமென்று சொல்ல, திரும்பி வாங்கில் உட்காருவது ஒரு அவமானம். அதைவிடப் பெரிய எரிச்சல் ஜூரிப் பெட்டிக்குள் போனவர்களுக்கு. வழக்கு சூடுபிடிக்கும் இடத்தில் சட்ட வாதம் வந்துவிடும். பொலிசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகப் பாவிக்க இலங்கைச் சாட்சியச் சட்டம் விடாது. அதன் ஓரங்களில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று வழக்கறிஞர்கள் மோதுவார்கள். ஜூரர் காதில் அது விழக்கூடாது என்பதால் அவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிடும்போது, என்ன நடந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தீர்ப்புச் சொல்ல வந்தவருக்கு வழக்கின் பாதி மறைக்கப்படுகிறது என்ற உணர்வுதான் அவர்களில் பலர் வீட்டுக்குக் கொண்டுபோனது.

பட்டியலில் ஒருபோதும் வராத பெயர்களும் உண்டு. மாத்தளை மாவட்டத்தில் மிகப்பெரிய தமிழ்க் கூட்டம் ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவெல பக்கத்துத் தோட்ட லயங்களில் இருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காடு தாண்டி நடந்து வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளை. முத்துமாரியம்மன் அங்கே குடியிருப்பது சும்மா இல்லை. அந்த மக்கள் நீதிமன்றத்தை நன்றாக அறிந்திருந்தார்கள், எதிரிக் கூண்டிலிருந்து. 1865ஆம் ஆண்டின் வேலைக்காரர் சட்டம் தோட்டத்தை விட்டுச் சொல்லாமல் போவதைக் குற்றமாக்கியது. ஒப்பந்தம் மீறியதற்குச் சிறை என்ற நிலை 1921 வரை நீடித்தது. பெரிய வழக்கென்றால், தமிழில் சொன்ன சாட்சியத்தை நீதிமன்ற முதலியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, ஆங்கில நிரையின் ஏழு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த ஏழு பேரில் இரண்டொருவர் பக்கத்துத் தோட்டத்துத் துரையாக இருந்தால் அதில் வியப்பில்லை. வருமான வரம்பு லயத்துக்காரரை வெளியே நிறுத்தியிருந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாட்டுக்கே வெளியே நிறுத்தியது. இந்திய வம்சாவளியினரில் எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் முடிவு கட்டியது. முதலாளிக்கு அழைப்பு தொல்லை. லயத்துக்கு அந்தத் தொல்லைகூட எட்டவில்லை.

இந்த ஜூரி ஏற்பாடு மலைநாட்டுக்கு வந்த வழியும் நேர்வழி அல்ல. கரையோர இலங்கையில் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1811லேயே உள்ளூர்வாசிகளையும் ஜூரியாக உட்கார வைத்தார். அப்போது ஒரு ஜூரியில் பதின்மூன்று பேர். ஆங்கிலேயர் ஆண்ட ஆசியாவில் இது மிக முந்திய ஏற்பாடு. மாத்தளை அன்று கண்டி அரசனுடையது. 1815இல் கண்டி விழுந்த பின்னரும் மலைநாட்டுக்குத் தனி நிர்வாகம், தனி நீதி. 1833இன் நிர்வாக மாற்றங்களுக்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றத்தின் கை இங்கே நீண்டது. நீண்ட கையை ஜூரி உடனே ஒரு தட்டுத் தட்டியது. மொல்லிகொட முதலான கண்டிப் பிரதானிகள் மீது ராஜத்துரோக வழக்குப் போட்டது ஆங்கிலேய அரசு. 1835இல் ஜூரி அவர்களை விடுதலை செய்தது.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 1848 ஜூலையில், மாத்தளையிலேயே கலகம் வெடித்தது. தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். கலகத் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவை இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். சில வாரங்கள் பிந்திப் பிடிபட்ட இன்னொரு தலைவர் கொங்காலேகொட பண்டா உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது பிறகு மலாக்காவுக்கு நாடுகடத்தலாகக் குறைந்தது. ஒரே கலகம், இரண்டு நீதி. முன்னவருக்குக் கிடைத்த நீதி வேகமானது. அதற்கு யாருக்கும் அழைப்பாணை அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

தமிழ் வாசகருக்கு ஜூரி என்றதும் நினைவுக்கு வருவது பெரும்பாலும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் குற்றவாளிகளாகக் கண்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல்தான் விடுதலை. இந்தியாவில் பிறகு கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் வந்த ஜூரித் தீர்ப்பு பெரும் சர்ச்சையாகி, காலப்போக்கில் ஜூரி முறையே இல்லாமல் போனது. சிங்கப்பூர் 1969இலும் மலேசியா 1995இலும் கைவிட்டன. இலங்கை மட்டும் கைவிடவில்லை. கைவிடாமலே காய விட்டுவிட்டது.

இங்கே ஜூரியின் பொற்காலத்து வழக்கு சதாசிவத்துடையது. கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவம், மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1953இல் கொழும்பில் விசாரணைக்கு வந்தார். கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். பிரித்தானியத் தடயவியல் நிபுணர் சேர் சிட்னி ஸ்மித்தின் சாட்சியம் எடுக்கப்பட்டது. விசாரணை 57 நாள் நடந்தது. ஏழு பேரும் ஒருமித்து விடுதலை என்றார்கள். அந்த ஏழு பேருடைய 57 நாளை யோசித்துப் பாருங்கள். யாருக்கோ தொழில் கெட்டிருக்கும், யார் வீட்டிலோ கல்யாணம் தள்ளிப்போயிருக்கும். ஆனால் கொலை நடந்தது 1951 ஒக்டோபரில், முடிவு வந்தது 1953 ஜூனில். இருபது மாதம்தான்.

நான் சொல்லவரும் விஷயம் இந்த இருபது மாதத்தில்தான் இருக்கிறது. ஜூரியை அடுத்த மாதம் வா, ஆறு மாதம் கழித்து வா என்று சொல்ல முடியாது. கேட்டதை மறந்துவிடுவார்கள், ஒருவருக்கு நோய் வந்துவிடும், இன்னொருவரை யாராவது போய்ச் சந்தித்துவிடுவார்கள். ஆகவே ஜூரி உட்கார்ந்துவிட்டால் விசாரணை நாளுக்கு நாள் தொடர்ந்தே ஆகவேண்டும். நீதிபதியும் வழக்கறிஞரும் சாட்சிகளும் அந்த ஏழு பேருடைய முணுமுணுப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். கடையைத் திறக்கவேண்டிய அவசரம் நீதிமன்றத்தின் அவசரமாகவும் ஆனது.

1974இல் சுற்றுக்கு வரும் உச்ச நீதிமன்ற நீதிபதியின் காலம் முடிந்து மேல் நீதிமன்றங்கள் வந்தன. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை ஜூரியை வைத்துக்கொண்டது. ஏழு பேர், குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை. ஆனால் பாரதூரமான சில குற்றங்களுக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் எதிரி கேட்டால்தான். குற்றப்பத்திரிகை கையளிக்கும் நாளில் எதிரியிடம் கேட்கிறார்கள்: ஜூரியா, நீதிபதியா? எதிரி தன் வழக்கறிஞர் முகத்தைப் பார்க்கிறார். பதில் அநேகமாக எப்போதும் நீதிபதிதான்.

இன்று மாத்தளையிலேயே மேல் நீதிமன்றம் இருக்கிறது. கண்டிக்கு ரயிலேற வேண்டியதில்லை. ரத்தோட்டை லயத்தில் பிறந்த பிள்ளை பல்கலைக்கழகம் போய், உத்தியோகம் பார்த்து, ஜூரர் பட்டியலில் வருவதற்குச் சட்டத்தில் தடையில்லை. பட்டியலில் வரலாம், அழைப்பு வராது. இந்த மாவட்டத்தின் இளவட்டத்திடம் ஜூரி என்று சொன்னால் அமெரிக்கப் படத்தில் பார்த்ததைத்தான் சொல்வார்கள்.

முதலாளியின் பழைய எரிச்சல் ஒழிந்ததா என்றால், அது கைமாறிவிட்டது. நீதிபதி தனியாக விசாரிக்கும் வழக்கைத் துண்டு துண்டாக நடத்தலாம். ஒரு சாட்சி இந்தத் தவணையில், அடுத்த சாட்சி நாலு மாதம் கழித்து. இடையில் நீதிபதி மாற்றலாகிப் போவார். புதியவர் பழைய பதிவேட்டைப் படித்துத் தொடர்வார். சட்ட மருத்துவர் வேறு நீதிமன்றத்தில் இருப்பார். மத்திய மாகாணத்தில் நீதிமன்றப் பதிவு சிங்களத்தில், தமிழ்ச் சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவர் அன்றைக்கு வந்திருக்கமாட்டார். தவணை. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, லயத்தில் நடந்த வெட்டுக்குத்தைக் கண்ணால் கண்ட குற்றத்துக்காக, ஒவ்வொரு தவணைக்கும் அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்து பஸ் ஏறுகிறாள். செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், அன்றைக்குக் கோடு. ஏழு வசதியானவர்கள் இரண்டு கிழமை பட்ட தொல்லையை, வசதியில்லாத ஒருத்தி பத்து வருஷம் தவணை முறையில் கட்டுகிறாள். இந்தக் கணக்கை நீதி அமைச்சில் யாராவது போட்டுப் பார்த்திருந்தால், ஜூரியைக் காய விட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

ஜூரி வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 2016 அதற்குச் சாட்சி. திருகோணமலை குமாரபுரத்தில் 1996 பெப்ரவரியில் நடந்த தமிழ் மக்கள் படுகொலை வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, அந்த ஜூலையில் அங்கே ஜூரி ஆறு இராணுவ கோப்ரல்களை விடுவித்தது. டிசம்பரில் கொழும்பில் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் கொலை வழக்கு. எதிரித் தரப்பு சிங்களம் பேசும் ஜூரியைக் கேட்டது. ரவிராஜ் தரப்பு ஆட்சேபித்தது. நிரையைத் தெரிவுசெய்யும் வாய்ப்பை எதிரிக்குத்தான் சட்டம் தருகிறது. 24ஆம் திகதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், எதிரிகள் அனைவரும் விடுதலை. அன்று காலை பத்திரிகை படித்தவர்களுக்கு, சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மூன்று நிரை எதற்காக இருக்கின்றன என்ற கேள்வி வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் உட்கார்ந்த அதே பெட்டியைப் பற்றி லயத்துக்காரருக்கு முன்பே வந்திருக்கவேண்டிய கேள்வி அது.

அந்த இரண்டு வழக்குகளிலும் ஜூரி ஏன் அப்படிச் சொன்னது என்பது யாருக்கும் தெரியாது. ஜூரி காரணம் சொல்வதில்லை. தலைவர் எழுந்து, குற்றவாளி, குற்றவாளியல்ல, எத்தனைக்கு எத்தனை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நீதிபதி தனியாக விசாரித்தால் காரணம் எழுதவேண்டும். எழுதிய காரணத்தில் பிழை பிடித்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம். தீர்ப்புக்குப் பத்து வருஷம் ஆகும், மேன்முறையீட்டுக்கு இன்னும் சில வருஷம், அதற்குள் சாட்சிகள் மறந்துபோகலாம், செத்தும் போகலாம். எதிரியின் வழக்கறிஞருக்கு இதெல்லாம் மனப்பாடம். அதனால்தான் மாத்தளையில் குற்றப்பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரி திரும்பிப் பார்க்கும்போது, வழக்கறிஞர் யோசிக்காமலே தலையை நீதிபதியின் பக்கம் ஆட்டுகிறார்.