ஏழைக்கும் ஒரு பூஞ்சோலை

லிவர்பூல் மாநகருக்கு எதிரே, மெர்சி ஆற்றின் மறுகரையில் உள்ளது பர்க்கன்ஹெட் எனும் நகர். எழில்மிகு சோலைகள் பெரும்பாலும் செல்வர்க்கே உரியனவாயிருந்த காலத்தில், அந்நகர ஆட்சிக் குழுவினர் 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு பொதுப்பணத்தில் 226 ஏக்கர் நிலம் வாங்கினர். 125 ஏக்கரை மக்களுக்கென ஒதுக்கி, எஞ்சியதை வீட்டுமனைகளாக விற்றனர். செல்வர் அளித்த மனைவிலை ஏழையின் சோலைக்கு உதவிற்று, நல்ல கணக்குத்தான்! ஜோசப் பாக்ஸ்டன் ஏரிகளை அகழ்ந்து, அம்மண்ணையே மேடுகளாக்கி அழகு சேர்த்தார். 1847 ஏப்ரல் 5 அன்று பூங்கா திறக்கப்பட்டது. உழைப்பாளிக்கு ஓய்வு வேண்டுமெனப் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் வலியுறுத்தியதோ 1891-இல்தான்! 1850-இல் அங்கு வந்த அமெரிக்கர் பிரெடரிக் ஓம்ஸ்டெட், எல்லா நிலையினரும் அச்சோலையைச் சமமாகத் துய்ப்பது கண்டு வியந்தார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைப் பின்னர் கால்வர்ட் வாக்ஸுடன் இணைந்து வடிவமைத்தவர் அவரே.