கெலுவாங் மேனும் டுரியான் பூவும்

மாணவர்களே, நம் நாட்டுக்கென்று ஒரு 'பேட்மேன்' உண்டு. அவன் ஜொகூர்க்காரன் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவன் பெயர் கெலுவாங் மேன். காம்ன் இஸ்மாயில் உருவாக்கிய இந்தக் கேலிச்சித்திரத் தொடர் 1998இல் ஆர்.டி.எம்.மின் டிவி1 அலைவரிசையில் ஒளியேறத் தொடங்கியது. உங்கள் அண்ணன்மாரையோ பெற்றோரையோ கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே கதை சொல்வார்கள். 2025இல் இது திரைப்படமாகவும் வந்தது. அதனால் இன்றைய படிவம் ஒன்று மாணவர்களுக்கும் அவன் புதியவன் அல்லன்.

எந்தப் பாகத்தை எடுத்தாலும் அடிப்படைக் கதை ஒன்றுதான். தம்போய் மனநல மருத்துவமனையில் போர்ஹான் என்றொரு நோயாளி இருக்கிறான். இரவானால் அங்கிருந்து நைசாக நழுவி, மாறுவேடம் பூண்டு, கெலுவாங் மேனாகிக் குற்றவாளிகளைப் பிடிப்பான். துணைக்கு மைனாவின் பெயர் கொண்ட தியோங் மேன். நகைச்சுவைக்காக எடுத்த தொடர்தான். ஆனால் ஓர் அறிவியல் ஆசிரியருக்கு எதைப் பார்த்தாலும் விடைத்தாள் போலத்தான் தெரியும். ஆகவே நாயகனின் பெயருக்குச் சொந்தமான விலங்கைப் பக்கத்தில் நிறுத்தி, அவனுக்குப் புள்ளி போட்டுப் பார்ப்போம்.

மலாய்மொழியில் வௌவாலுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. சிறியவற்றைக் கெலாவார் என்பார்கள். நரி போன்ற முகமும் பெரிய கண்களும் கொண்ட பழந்தின்னி வௌவால்தான் கெலுவாங். நம் குளுவாங் நகரத்துக்குப் பெயர் வந்ததே இந்த விலங்கால்தான் என்பார்கள். ஒரு காலத்தில் அங்கே மாலை வானம் கறுக்கும் அளவுக்கு அவை பறந்தனவாம். இன்று குளுவாங் என்றால் ரயில் நிலையக் காப்பிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. வௌவால் யாருக்கும் நினைவில்லை.

இரவில் வேலை செய்பவன் என்பதற்கு நாயகனுக்கு முழுப் புள்ளி. அடுத்தது உடை. 1939இல் அமெரிக்காவில் பிறந்த பேட்மேனிலிருந்து வௌவாலின் பெயரைத் தாங்கும் எல்லா நாயகர்களும் முதுகுத் துணியை இறக்கை என்று நினைக்கிறார்கள். வௌவாலின் இறக்கை முதுகில் முளைத்ததன்று, அது அதன் கை. உங்கள் இடது கையை விரித்துப் பாருங்கள். கட்டை விரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களும் உங்கள் உடலின் நீளத்துக்கு வளர்ந்திருப்பதாகவும், விரல்களுக்கிடையே குடைத் துணி போல மெல்லிய தோல் படர்ந்து கணுக்கால் வரை ஒட்டியிருப்பதாகவும் கற்பனை செய்யுங்கள். அதுதான் கெலுவாங். அது விரல்களை மடக்கி, விரித்து, வளைத்துப் பறக்கிறது. முதுகுத் துணியோ காற்றில் படபடக்கும், அவ்வளவுதான்.

சரி, போர்ஹானுக்கு உண்மையான கெலுவாங் இறக்கையைக் கொடுத்தால் பறப்பானா? பெரிய கெலுவாங் ஒன்றின் எடை ஏறக்குறைய 1 கிலோகிராம். இறக்கைகளை விரித்தால் நுனிக்கு நுனி 1.5 மீட்டர் வரை இருக்கும். நம் நாயகனின் எடை 70 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். வௌவாலை அதே வடிவத்தில் 70 மடங்கு எடைக்குப் பெரிதாக்கினால் நீளம் 70 மடங்காகாது. எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால் நீளம் 4.1 மடங்குதான் ஆகும். அப்படியானால் இறக்கை விரிப்பு 6 மீட்டருக்குச் சற்று மேல் வரும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் பரப்பளவு நீளத்தின் இருமடிக்கு ஏற்பத்தான் கூடும், அதாவது 17 மடங்கு. தூக்க வேண்டிய எடை 70 மடங்கு, தூக்கும் இறக்கையோ 17 மடங்கு. ஒவ்வொரு சதுர மீட்டரும் நான்கு மடங்குச் சுமையைத் தாங்க வேண்டும்.

சுமை வௌவாலுக்கு இருப்பது போலவே இருக்க வேண்டுமானால் பரப்பளவையும் 70 மடங்காக்க வேண்டும். 70இன் வர்க்கமூலம் 8.4. அதை 1.5ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 12.5 மீட்டர் கிடைக்கும். உங்கள் வகுப்பறைக்குள் அந்த இறக்கையை விரிக்கவே முடியாது. மலையுச்சியிலிருந்து குதித்து மிதக்கும் கிளைடர்கள் ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்துக்குச் செய்யப்படுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? அதையும் யாரும் கையால் அடித்துப் பறப்பதில்லை. அதற்கு வேண்டிய நெஞ்சுத் தசை மனிதனுக்கு இல்லை. இந்தக் கேள்விக்குப் பூஜ்ஜியம் போட வேண்டியதுதான். ஆனால் அது நாயகனின் குற்றமன்று, கணிதத்தின் கண்டிப்பு.

அடுத்து வருவது வகுப்பில் நான் எப்போது கேட்டாலும் தவறான பதில் வரும் கேள்வி. கெலுவாங் இருட்டில் எப்படி வழி கண்டுபிடிக்கிறது? "எதிரொலி, ஆசிரியர்!" என்று பத்துக் குரல்கள் வரும். எதிரொலி முறை உண்மைதான். 1790களில் இத்தாலியரான ஸ்பலன்சானி, கண் தெரியாத நிலையிலும் வௌவால்கள் தடையில் மோதாமல் பறப்பதைக் கண்டார். அதன் காரணத்தை 1930களின் இறுதியில் அமெரிக்காவில் மாணவராக இருந்த டோனால்ட் கிரிஃபின் நிறுவினார். மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டே அவை வழி அறிகின்றன. ஆனால் அது பூச்சி பிடிக்கும் கெலாவார் வகைகளின் திறமை. கெலுவாங்குக்கு அது கிடையாது. அது கண்ணை நம்பிப் பறக்கிறது. மங்கலான ஒளியிலும் வேலை செய்யும் பெரிய கண்கள், பழுத்த பழத்தைத் தூரத்திலிருந்தே அறியும் மூக்கு இரண்டும்தான் அதன் கருவிகள். 'வௌவால் போலக் குருடு' என்று யாராவது சொன்னால் கெலுவாங்கின் முகப்படம் ஒன்றைக் காட்டுங்கள்.

இரத்தம் குடிக்கும் என்ற பழியும் அதன் மீது உண்டு. அதற்கு வழிவிட்டவர்களில் ஓர் அறிவியலாளரும் இருக்கிறார். 1758இல் லின்னேயஸ் இந்தப் பழந்தின்னிக்கு 'வாம்பைரஸ்' என்று, இரத்தக் காட்டேரியை நினைவூட்டும் பெயரை வைத்துவிட்டார். உலகில் உள்ள 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களில் இரத்தம் குடிப்பவை மூன்றே மூன்று. அவையும் மத்திய, தென் அமெரிக்காவில்தான் வாழ்கின்றன. பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.

இனி, தொடர் சொல்லாமல் விட்ட ஒரு சக்தியைப் பார்ப்போம். என்னைக் கேட்டால் கெலுவாங்கின் மிகப் பெரிய சக்தி அதுதான்.

டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் தேன் சுரக்கும். விடிவதற்குள் அதன் வேலை முடிந்து, மகரந்தத் தாள்கள் உதிர்ந்துவிடும். பெரும்பாலான டுரியான் மரங்களுக்குத் தம் சொந்த மகரந்தம் போதாது. இன்னொரு மரத்திலிருந்து வர வேண்டும். நள்ளிரவில் மரம் விட்டு மரம் அதை யார் சுமப்பது? குகைகளில் வாழும் சிறிய தேனுண்ணி வௌவால்கள் இந்த வேலையைச் செய்வது முன்பே தெரியும். ஆனால் கெலுவாங் பூவைத் தின்று அழிக்கும் எதிரி என்றே தோட்டக்காரர்கள் பலர் நினைத்திருந்தார்கள். நம் மெர்சிங்கிலிருந்து படகேறினால் வரும் தியோமான் தீவில், ஷீமா அப்துல் அசிஸ் என்ற மலேசிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டுரியான் மரங்களில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தினார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில், தீவின் கெலுவாங்குகள் பூவைச் சிதைக்காமல் தேனை நக்குவதும், அவை வந்துபோன பூக்கள் காயாவதும் தெரிந்தது. எதிரி என்று குற்றம் சாட்டப்பட்டது உண்மையில் மகரந்தம் சுமக்கும் வேலையாள்!

ஒரே இரவில் 50 கிலோமீட்டர் பறந்து இரை தேடக்கூடிய விலங்கு இது. குளுவாங்கில் புறப்பட்டுப் பத்து பகாட்டில் இரவுணவு உண்பது போல. போகிற வழியெல்லாம் விதைகளையும் போட்டுக்கொண்டே போகும். சிகாமட்டிலோ தங்காக்கிலோ டுரியான் வாங்கும்போது ரிங்கிட் கணக்கு மட்டும்தான் நாம் பார்க்கிறோம். இந்த வேலையாளுக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

இவ்வளவு நல்லது செய்யும் விலங்குக்கு ஏன் கெட்ட பெயர் என்று கேட்பீர்கள். கெலுவாங் மேன் திரையில் அறிமுகமான அதே 1998இன் இறுதியில், ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளையழற்சி என்று முதலில் நினைத்தார்கள். மருந்துப் புகை அடித்தும், தடுப்பூசி போட்டும் நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவை வைத்து அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. நம் நாட்டில் 265 பேரை அது தாக்கியது, 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் இதே கிருமி உயிர்களைப் பறித்தது.

அந்தக் கிருமியின் இயற்கை இருப்பிடம் கெலுவாங்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது பண்ணைக்கு எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே மாமரங்களை வளர்த்திருந்தார்கள். வௌவால் கடித்த மாம்பழம் கொட்டகைக்குள் விழ, பன்றி அதைத் தின்ன, பன்றியிடமிருந்து மனிதனுக்கு நோய் வந்தது என்பதே ஆய்வாளர்கள் கண்ட வழி. பறவையோ வௌவாலோ கடித்த பழத்தை உண்ணாதீர்கள், விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொடாதீர்கள், பெர்ஹிலித்தான் அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் வௌவால் மட்டும் ஏன் அந்தக் கிருமியால் நோயுறுவதில்லை? கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியில் வாங் லின்ஃபா குழுவினர் 2019இல் ஒரு விடையை வெளியிட்டார்கள். கிருமி நுழைந்தால் நம் உடலின் எதிர்ப்பாற்றல் சில வேளை அளவு மீறிக் கொதித்து, அழற்சியால் நம்மையே கெடுத்துவிடும். வௌவாலின் உடலில் அந்தக் கொதிப்பைத் தூண்டும் புரதம் ஒன்று அடக்கமாகவே வேலை செய்கிறது. கிருமியோடு சண்டை உண்டு, ஆனால் வீட்டையே கொளுத்திக்கொள்வதில்லை. உண்மையான சூப்பர் சக்தி என்றால் இதுதான். இதற்கு எந்த நாயகனும் உடை தைத்துப் போட முடியாது.

நாயகனின் இன்னொரு பாதியையும் விட்டுவிடக்கூடாது. தம்போய் மருத்துவமனையின் இன்றைய பெயர் பெர்மாய் மருத்துவமனை. ஆனாலும் ஜொகூர்ப் பள்ளிகளில் 'தம்போய்' என்ற சொல் இன்னும் கிண்டலுக்குத்தான் பயன்படுகிறது. தொடரும் அந்தக் கிண்டலில் கொஞ்சம் குளிர்காய்ந்தது என்பது என் கருத்து. அதே வேளையில், ஊரைக் காப்பவனாக ஒரு மனநல நோயாளியைக் காட்டிய துணிச்சலும் அதற்கு இருந்தது. 2022இல் நம் நாட்டு இளையோரிடையே சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. உங்கள் வகுப்பில் எத்தனை நாற்காலிகள் என்று எண்ணி நான்கால் வகுத்துப் பாருங்கள். மனநோயும் ஆஸ்துமாவைப் போல மருத்துவம் உள்ள நோய்தான். பள்ளி ஆலோசக ஆசிரியரின் அறைக்குள் நுழைய முகமூடி தேவையில்லை.

ஆஸ்துமா என்றதும் நினைவுக்கு வருகிறது. வௌவால் இறைச்சி அந்த நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை இங்கும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. அதற்கு எந்த மருத்துவச் சான்றும் இல்லை. ஆனாலும் துப்பாக்கிகள் அதை நம்பின. தீபகற்ப மலேசியாவில் உரிமம் பெற்று ஆண்டுக்கு ஏறக்குறைய 22,000 கெலுவாங்குகள் வேட்டையாடப்பட்டதாக 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இப்படியே போனால் 6 முதல் 81 ஆண்டுகளுக்குள் இங்கே அவை அற்றுப்போகும் என்றும் அது எச்சரித்தது. இடைவெளி ஏன் இவ்வளவு பெரிது? மொத்தம் எத்தனை கெலுவாங்குகள் உள்ளன என்று துல்லியமாகத் தெரியாதபோது, விடையும் இப்படி அகலமாகத்தான் வரும். ஒன்று மட்டும் தெளிவு. தாய் கெலுவாங் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். எலியைப் போல இழப்பை விரைவாக ஈடுகட்ட அதனால் முடியாது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில், ஆலமரத்தில் தொங்கும் பழந்தின்னிகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை.

உங்கள் தாத்தாவிடமோ உறவினரிடமோ டுரியான் மரம் இருக்கிறதா? சில வாரங்கள் மழை குறைந்த பின் மரம் பூக்கும். அப்போது அனுமதி கேட்டு, பெரியவர் ஒருவரின் துணையோடு, கைக்கெட்டும் கிளையில் இரண்டு மொட்டுக் கொத்துகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றைக் கொசுவலைத் துணியால் தளர்வாக மூடிக் கட்டுங்கள், மற்றொன்றை அப்படியே விடுங்கள். இரண்டிலும் எத்தனை மொட்டுகள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் மரத்தடியில் சற்றுத் தள்ளி, விளக்கை அணைத்துவிட்டு நின்றால் இறக்கை அடிக்கும் ஓசை கேட்கலாம். பூக்கள் உதிர்ந்ததும் வலையை அவிழ்த்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய், எந்தக் கொத்தில் எத்தனை பிஞ்சுகள் நிற்கின்றன என்று எண்ணி எழுதுங்கள்.