இறுதிச் சுற்றில் எத்தனை அணிகள்?

அமெரிக்கர் 'புட்பால்' என்று பெயரிட்டழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிரியை மோதி வீழ்த்துவதுமே மிகுதி. அந்நாட்டுப் பல்கலைக் கழகங்களில் இதற்குள்ள செல்வாக்கு பெரிது. மிச்சிகன் பல்கலைக் கழகத்து அரங்கில் லட்சம் பேருக்கு மேல் அமரலாம். அங்கே பல ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. பருவ முடிவில் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் இறுதிச் சுற்றில் எத்தனை அணிகளைச் சேர்ப்பது? எங்கோ நடக்கும் விளையாட்டுச் செய்திதானே என்று நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் கணக்கும் உண்டு, நீதியும் உண்டு.

2024-ஆம் ஆண்டில் முதல்தரப் பிரிவில் இருந்த அணிகள் 134. ஒவ்வொன்றும் பருவத்தில் ஆடுவதோ 12 ஆட்டங்கள்தாம். மோதி விழும் ஆட்டமாகையால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட உடல் இடங்கொடாது. ஆகவே எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதிப் பார்க்க வழியே இல்லை. பிறகு யார் சிறந்தவர் என்பதை எப்படி அறிவது? 1936 முதல் பத்திரிகையாளர் வாக்களித்து வரிசைப்படுத்தினர். சில ஆண்டுகளில் பயிற்சியாளர் வாக்கு ஒரு பக்கமும் பத்திரிகையாளர் வாக்கு மறு பக்கமும் சாய்ந்து, ஒரே ஆண்டுக்கு இரண்டு சாம்பியன்கள் தோன்றியதுமுண்டு! 1998 முதல் வாக்கையும் கணிப்பொறியையும் கலந்து இரண்டு அணிகளைத் தேர்ந்து மோதவிட்டனர். 2014 பருவத்திலிருந்து ஒரு குழு கூடி நான்கு அணிகளைப் பொறுக்கியது.

நான்கு போதுமா? 2023-இல் இக்கேள்வி சூடு பிடித்தது. புளோரிடா மாநிலப் பல்கலைக் கழக அணி ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்று, தன் கூட்டணியின் பட்டத்தையும் பெற்றிருந்தது. ஆனால் அதன் முதன்மையான ஆட்டக்காரர் காயமுற்றார். அவரில்லாத அணி பழைய அணி அன்று எனக் கருதிய குழு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு நான்காம் இடத்தை அளித்தது. ஓர் ஆட்டத்திலும் தோற்காதவனுக்கு இடமில்லை என்றால் வெற்றிக்குப் பொருள் யாது? நுழைவுத் தேர்வின் எல்லைக் கோட்டை அறிந்த நமக்கு அந்த மாணவர்களின் மனம் விளங்காமற் போகாது.

2024 பருவத்தில் நான்கு பன்னிரண்டாயிற்று. 2025-இல் அதுவும் போதாது, 16 வேண்டும், 24 வேண்டும் என்ற யோசனைகள் எழுந்தன.

இங்கேதான் சிறிது கணக்குப் போட வேண்டும். எவரையும் ஐந்தில் நான்கு முறை வெல்லக்கூடிய மிகச் சிறந்த அணி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நான்கு அணிகளுள் அது பட்டம் பெற இரண்டு ஆட்டங்களை வெல்ல வேண்டும். வாய்ப்பு நூற்றுக்கு 64. பன்னிரண்டில் முதல் நான்கு அணிகளுக்கு முதற்சுற்றில் ஓய்வு உண்டு. ஆகவே மூன்று ஆட்டங்கள், வாய்ப்பு 51. பதினாறில் நான்கு ஆட்டங்கள். வாய்ப்பு 41 மட்டுமே. கதவை அகலத் திறக்கத் திறக்க, சிறந்தவன் பட்டம் பெறுவது அரிதாகிறது!

ஏட்டுக் கணக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2024 பருவத்தில் ஓய்வு பெற்ற நான்கு அணிகளும் தத்தம் முதல் ஆட்டத்திலேயே தோற்றன. இரண்டு முறை தோற்று எட்டாவதாக நுழைந்த ஒஹாயோ மாநிலப் பல்கலைக் கழகம் பட்டத்தை வென்றது. அக்டோபரில் அதனை 32-31 என வென்ற ஓரிகன் அணியை, 2025 ஜனவரி முதல் நாளில் அது 41-21 என்று வீழ்த்தியது. இவ்விரண்டில் எது சிறந்த அணி? ஓர் ஆட்டத்தின் முடிவு ஒரே ஓர் அளவீடு. ஒரே அளவீட்டை நம்பி முடிவு கூறினால் சோதனைச் சாலையில் எங்கள் ஆசிரியர் குறிப்பேட்டைத் திருப்பித் தந்துவிடுவார்.

மாணவர் உடலையும் எண்ண வேண்டும். அப்பருவத்தில் ஒஹாயோ அணி 16 ஆட்டங்கள் ஆடியது. இறுதி ஆட்டம் ஜனவரி 20-இல். முதற்சுற்று நடந்ததோ தேர்வுகள் நடக்கும் டிசம்பரில். 2024-இல் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று ஆறாண்டு ஒளிபரப்பு உரிமைக்கு 780 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆட்டங்களைப் பெருக்கச் சொல்லும் குரல்களில் இப்பணத்தின் ஒலியும் கலந்திருக்கிறது. பல்கலைக் கழகங்கள் ஆட்டக்காரருக்கு நேராக ஊதியம் தரலாம் என்ற நிலை 2025 ஜூலையில்தான் வந்தது.

அப்படியானால் நான்குக்கே திரும்புவதா? அன்று. கோட்டை எங்கே கிழித்தாலும் அடுத்து நிற்பவனுக்குக் குறை இருக்கும். ஆனால் எல்லாக் குறைகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஐந்தாவதாக நின்ற புளோரிடா தோல்வியே காணாத அணி. அதற்குப் பட்டத்தின் மீதே உரிமை இருந்தது. பதின்மூன்றாவதாக நிற்கும் அணி இரண்டு, மூன்று முறை தோற்றிருக்கும். அது இழப்பது ஒரு வாய்ப்பை, உரிமையை அன்று. அந்த வாய்ப்புக்காக மேலும் சில மாணவர் மேலும் ஓர் ஆட்டம் மோதி விழ வேண்டுமா?

பன்னிரண்டோடு நிறுத்துவதே நலம் என்பது என் துணிபு. மாறாகக் கருதும் நண்பர்கள் விடுதிச் சாப்பாட்டு மேசையில் என்னைச் சந்திக்கலாம். காகிதமும் பென்சிலும் கொண்டு வருக!