கேட்டால் கொடுக்கும் உடம்பு

நம் உடம்பில் நம் பிறந்த நாளைவிட மூத்தது ஒன்று உண்டு. கண்ணின் பாவைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி. தாய் வயிற்றிலேயே உருவாகி, அதன்பின் ஒருபோதும் மாற்றப்படாமல், எண்பது வயதிலும் அதே புரதங்களோடு நம்முடன் இருக்கிறது. குடலின் உட்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடுகிறது. ரத்தச் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். நொடிக்கு இருபது லட்சம் என்ற கணக்கில் புதியவை பிறந்துகொண்டே இருக்கின்றன. இத்தனை பிறப்பு இறப்புக்கு நடுவே படைத்தவன் லென்ஸின் மையத்தைத் தொடாமல் விட்டிருக்கிறான். தொட்டால் ஒளி தடைபடும். அங்கே ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. அங்கிருக்கும் செல்கள் தங்கள் உட்கருவைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டுத் தெளிந்து நிற்கின்றன.

இந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. மாற்றமே இல்லாத புரதம் வெயிலையும் வயதையும் தாங்கித் தாங்கிக் கடைசியில் திரிந்து கலங்குகிறது. கண்புரை என்கிறோம். முதுமையில் ஏறக்குறைய எல்லோர் வாசலுக்கும் வரும் விருந்தாளி.

அந்தப் புரையை எடுக்கவென்றே வாழ்நாளைக் கொடுத்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அவருக்கு முதலில் இருந்த ஆசை பிரசவ மருத்துவராக வேண்டும் என்பது. ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றியவரை முப்பது வயதுக்குள் முடக்குவாதம் பிடித்தது. 1948-ல் ராணுவம் அவரை அனுப்பிவிட்டது. நீண்ட காலம் படுத்த படுக்கை. எழுந்தபோது விரல்கள் கோணிப்போயிருந்தன. பிரசவ மருத்துவம் என்ற கனவு முடிந்தது. அவர் கண் மருத்துவத்துக்குத் திரும்பினார். வளைந்த விரல்களுக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டு, அறுவைக் கத்தியைப் பிடிக்க முதலிலிருந்து பழகினார். 1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றதும் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரின் வழியில் ஈடுபாடு கொண்டவர். மருத்துவமனைக்கு அந்தப் பெயரையே வைத்தார். அந்தக் கோணல் விரல்கள் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்தைத் தாண்டும். 2006-ல், 87 வயதில் காலமானார்.

கோணல் நேராகவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நோய் கடைசிவரை அவரோடுதான் இருந்தது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பார்வை போய்விடும் இடத்தில், அந்த விரல்கள் கேட்ட வேலையைச் செய்தன. கேட்டவர் யார் என்பதுதான் என் வியப்பு.

இன்னொரு ஜோடிக் கைகளைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் நார்மன் கசின்ஸ் எழுதிவைத்திருக்கிறார். செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ், ஸ்பெயினின் கட்டலோனியாவில் 1876-ல் பிறந்தவர், கடைசிக் காலத்தை போர்ட்டோ ரிக்கோ தீவில் சான் ஹுவான் நகரில் கழித்தார். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த அவரைப் பார்க்க கசின்ஸ் அங்கே போயிருந்தார். காலையில் மனைவி கைத்தாங்கலாக அழைத்துவர, முதுகு கூனி, தலை முன்னே தொங்க, காலைத் தேய்த்துத் தேய்த்து வருகிறார் கிழவர். மூச்சு இரைக்கிறது. கைகள் வீங்கி, விரல்கள் மடங்கி இறுகியிருக்கின்றன. சாப்பாட்டு மேசைக்குப் போகவில்லை; பியானோவுக்குப் போகிறார். சிரமப்பட்டு உட்கார்கிறார். வீங்கிய விரல்களை மெல்லத் தூக்கிக் கட்டைகளின் மேல் வைக்கிறார்.

பாக் இசையில் தொடங்குகிறது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. முதுகு நிமிர்கிறது. மூச்சு சீராகிறது. பிறகு பிராம்ஸ். இப்போது விரல்கள் ஓடுகின்றன; பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நம்ப முடியவில்லை. வாசித்து முடித்து எழுந்தவர், வந்தபோது இருந்ததைவிட உயரமாகத் தெரிந்தாராம். காலைத் தேய்க்காமல் நடந்துபோய், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கடற்கரைக்கு உலாவப் போய்விட்டார். பிற்பகல் உறங்கி எழுந்தபோது பழைய விறைப்பு திரும்பியிருந்தது. செல்லோவைக் கையில் எடுத்ததும் மறுபடி அதே மாற்றம். ஒரே நாளில் இரண்டு முறை. எண்பது ஆண்டுகளாகத் தன் ஒவ்வொரு நாளையும் பியானோவில் பாக் வாசித்தே தொடங்குவதாக காசல்ஸே சொல்லியிருக்கிறார். 1973-ல், 96 வயதில்தான் அந்த வழக்கம் நின்றது.

இதை மந்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். மூட்டின் உள்ளே எட்டிப் பார்த்தால் அதிசயம் இன்னும் பெரிதாகிறது. இரண்டு எலும்புகள் உரசாமல் காக்கும் குருத்தெலும்புக்கு லென்ஸைப் போலவே ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள மூட்டுநீரிலிருந்துதான் அது ஊட்டத்தைப் பெறவேண்டும். அந்த நீர் உள்ளே போய் வருவதற்கு மூட்டு அழுந்தி விடுபடவேண்டும். அசைவுதான் அதற்குச் சாப்பாடு. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. இசையில் தோய்ந்த மனம் வலியை மட்டுப்படுத்தும் என்பதும், அதற்கான ரசாயனங்களை மூளையே சுரக்கும் என்பதும் இன்று மருத்துவர்கள் அறிந்த செய்திகள். காசல்ஸின் காதல் அவர் விரலை அசைத்தது. அசைவு விரலுக்கு ஊட்டம் தந்தது. இதில் உடம்பு எங்கே முடிகிறது, ஆன்மா எங்கே தொடங்குகிறது என்று யாராவது கோடு போட்டுக் காட்டட்டும்.

எலும்பின் கதை இன்னும் விந்தை. சுடுகாட்டில் பார்த்த எலும்பை நினைத்துக்கொண்டு அதை உயிரற்ற கழி என்று எண்ணிவிடுகிறோம். உள்ளே குடியிருப்பவர்களை எழுப்பாமலே ஒரு வீட்டை இடித்துக் கட்டும் கொத்தனார் குழுக்களைப் போல, ஒரு வகை செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே போக, பின்னாலேயே இன்னொரு வகை புதிதாக இட்டுக்கொண்டு வருகிறது. இப்படி ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்புக்கூடு புதிதாகிறது. எங்கே கரைப்பது, எங்கே கட்டுவது என்பதை எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் மூன்றாம் வகை செல்கள் சொல்கின்றன. நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது; உள்ளிருக்கும் நுண்குழாய்களில் நீர் அசைகிறது; அந்த அசைவை இந்தச் செல்கள் உணர்ந்து, இங்கே பாரம் விழுகிறது, இங்கே பலப்படுத்து என்று தகவல் அனுப்புகின்றன. பாரமே இல்லாத விண்வெளியில் மாதக் கணக்கில் இருப்பவர்களுக்கு, உரிய பயிற்சி செய்யாவிட்டால், இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கரைந்துவிடுகிறது. சுமப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் நான் எதற்கு என்று எலும்பு நினைக்கிறது போலும்.

1990-ல் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரைக் கால்களால் எடை தூக்க வைத்தார். தடுமாறி நடப்பவர்கள், பல நோய்கள் கொண்டவர்கள். எட்டு வாரம். முடிவில் கால்களின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைத் தசை வளர்ந்திருந்தது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டார்கள். தொண்ணூறு வயதுத் தசைநார், தன்னை யாரும் கேட்காததால்தான் சும்மா இருந்திருக்கிறது. கேட்டதும் எழுந்துகொண்டது.

இதைப் படித்தபிறகு நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். “பாட்டி, நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்.” அன்பில் தோய்த்துச் சொல்வதுதான். முதலில் அரிவாள்மனை போகும். பிறகு முருங்கைக்கீரை உருவும் வேலை. பிறகு பூ கட்டுவது. கடைசியில் கீழே உட்காரவே வேண்டாம் என்று பிளாஸ்டிக் நாற்காலி வரும். கீழே உட்கார்ந்து எழும் ஒரு கிழவியைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் கால்களை ஒரு பக்கமாகச் சேர்ப்பாள். உடம்பை முன்னே சாய்ப்பாள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றதை மடக்கி, பாதத்தைப் பதித்து, “அப்பனே முருகா” என்று ஒரு மூச்சு விட்டு நிமிர்வாள். அந்த அரை நிமிடத்துக்குள் இடுப்பு, தொடை, கணுக்கால், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, பாதத்தின் தொடுவுணர்வு எல்லாம் ஒன்றுகூடி வேலை செய்கின்றன. பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோ இதையே ஒரு பரீட்சையாக வைத்தார். கையோ முழங்காலோ ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழுந்தால் பத்து மதிப்பெண். ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஒன்று குறையும். 51 முதல் 80 வயது வரை 2,002 பேர். மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களில் இறந்தவர்களின் விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2012-ல் வெளியிட்டார். பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்த நம் தாத்தாக்கள் இந்தப் பரீட்சையை வேளைக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விழுந்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். இடுப்பெலும்பு முறிவு விளையாட்டல்ல. ஆனால் நாற்காலியில் உட்காரவைத்து வேலையைப் பிடுங்குவதும் ஒரு விதத்தில் தள்ளிவிடுவதுதான். மெதுவாகத் தள்ளுகிறோம், அவ்வளவே.

மூளைக்கு வருவோம். பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்கள் ஏறத்தாழ நம் வயதே ஆனவை. அணுகுண்டுச் சோதனைகள் ஒரு காலத்தில் காற்றில் கலந்துவிட்ட கார்பனின் சுவட்டை வைத்து ஸ்வீடன் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். அழிவுக்காகச் செய்த ஒன்றின் சாம்பலிலிருந்து உயிரின் கணக்கைப் படித்தார்கள் என்பது தனியே யோசிக்கவேண்டிய விஷயம். இந்தச் செல்கள் போனால் மாற்று வராது. இருந்தும் மூளை எப்படி முதுமையைத் தாங்குகிறது?

அமெரிக்காவில் டேவிட் ஸ்நோடன் என்ற ஆய்வாளர் 1986-ல் கன்னியாஸ்திரிகளிடம் போனார். ஒரே சபை, ஒரே மாதிரி உணவு, ஒரே மாதிரி நாள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடத் தோதானவர்கள் கிடைக்கமாட்டார்கள். 678 பேர் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் சோதனைகளுக்கு உட்பட்டார்கள். இறந்தபின் மூளையைத் தானமாகக் கொடுக்கவும் சம்மதித்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே வாழ்ந்தவர்கள் சாவுக்குப் பிறகும் பாடம் சொல்ல ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 101 வயதில் மறைந்த ஒருவர் கடைசிவரை நினைவுச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். மூளையைப் பரிசோதித்தபோது அல்ஸைமர் நோயின் படிவுகளும் முடிச்சுகளும் நிறையவே இருந்தன. நோய் மூளையில் இருந்தது, அவரிடம் இல்லை.

மடத்துப் பெட்டிகளில் இன்னொரு பொக்கிஷமும் இருந்தது. இருபது சொச்சம் வயதில், துறவு வாக்குறுதிக்கு முன் ஒவ்வொருவரும் தன் கையால் எழுதிய சிறு தன்வரலாறு. அவற்றில் 180-ஐ எடுத்து, நன்றி, மகிழ்ச்சி, ஆவல், நம்பிக்கை தெரியும் வாக்கியங்களை எண்ணினார்கள். 2001-ல் முடிவு வெளிவந்தது. அப்படிப்பட்ட வாக்கியங்களை மிகுதியாக எழுதியவர்கள், மிகக் குறைவாக எழுதியவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய ஏழு ஆண்டு அதிகம் வாழ்ந்திருந்தார்கள். அறுபது வருடத்துக்கு முன் எழுதிய ஒரு தாளில் ஆயுளின் சாயல் விழுந்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு “எல்லாம் மனசுதான்” என்று பிரசங்கம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நோயில் கிடக்கும் பெரியவரிடம் போய், மனதைத் திடமாக வைத்திருந்தால் இது வந்திருக்காது என்று சொல்வது பாவம். மகிழ்ச்சியாக எழுதிய கன்னியாஸ்திரிகளிலும் சீக்கிரம் இறந்தவர்கள் உண்டு. நம் மரபிலேயே உடம்பை மலபாண்டம் என்று வெறுத்த குரலும் உண்டு, அதனுள்ளே இறைவனைக் கண்டு அதைப் பேணிய திருமூலரின் குரலும் உண்டு. நான் திருமூலர் கட்சி. உள்ளம் உடம்புக்கு எஜமானன் என்று சொல்லமாட்டேன். எத்தனையோ விஷயத்தில் உடம்புதான் எஜமானன். ஆனால் உள்ளம் கேட்கத் தெரிந்ததாக இருந்தால், கொடுக்க உடம்பிடம் கடைசிவரை ஏதாவது இருக்கிறது. அப்படித்தான் அது படைக்கப்பட்டிருக்கிறது.

ஏன் அப்படிப் படைக்கப்பட்டது? பிள்ளை பெறும் பருவம் முடிந்தபிறகும் பெண்ணுக்கு இத்தனை ஆண்டுகள் எதற்கு? பெரும்பாலான விலங்குகளுக்கு இந்த நீண்ட பிற்பகல் கிடையாது. கடலில் கொலைகாரத் திமிங்கிலம் என்று பொல்லாத பெயர் வாங்கிய ஓர்க்காவுக்கு உண்டு. நாற்பது வயதுவாக்கில் ஈனுவதை நிறுத்திவிட்டு, பல பத்தாண்டுகள் கூட்டத்தோடு வாழ்கிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் ஆய்வாளர்கள் பார்த்தார்கள்: சால்மன் மீன் அரிதாகும் ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னே நீந்துவது பெரும்பாலும் இந்தக் கிழவிகள்தான். மீன் எங்கே கிடைக்கும் என்ற நினைவு அவர்களிடம் இருக்கிறது.

நிலத்தில், டான்சானியாவின் வடக்கே, எயாசி ஏரிக்கரையில் ஹட்ஸா மக்கள் வாழ்கிறார்கள். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் பிழைப்பவர்கள். 1980-களில் கிறிஸ்டன் ஹாக்ஸும் உடன் ஆய்வாளர்களும் அங்கே தங்கி, யார் எவ்வளவு நேரம் உணவு தேடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பேரன் பேத்தி எடுத்த கிழவிகள்தான் இளம்பெண்களைவிட அதிக நேரம் தோண்டினார்கள். கல்லும் மண்ணும் இறுகிய நிலத்தில், கூராக்கிய குச்சியைக் குத்தி, பாறையைப் பெயர்த்து, ஆழத்தில் கிடக்கும் கிழங்கை எடுக்கவேண்டும். சிறு பிள்ளையால் ஆகாத வேலை. தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்து, பால் மறந்த மூத்த குழந்தை மெலியவேண்டிய மாதங்களில், அதன் எடை ஏறுவதும் இறங்குவதும் பாட்டி எவ்வளவு நேரம் தோண்டினாள் என்பதைப் பொறுத்தே இருந்தது.